இத்தாலியில் குழந்தைகளோடு வாடகைக் கார் எடுக்கப் போகிறீர்களா? கார் சீட்டை வைத்துப் பணம் பறிக்கிறார்கள்

ரோமில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே கார் எடுத்து, பிள்ளைகளோடு டஸ்கனி பக்கம் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் கூடுதலாக வாங்கிய தொகை, முன்பதிவு செய்த வாடகையைவிட அதிகம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டு வயதுக் குழந்தை உட்காரவேண்டிய, காரில் தனியாகப் பொருத்தும் பாதுகாப்பு சீட்டைக் காட்டிக் காட்டி அதை வாங்கினார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் சென்னையிலிருந்து போனோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. டஸ்கனியில் இருக்கும் சியனா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தோம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மண் ரோட்டில் போய்ச் சேரவேண்டிய இடம். பஸ் கிடையாது, கார் இல்லாமல் முடியாது. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்தின் வழியாகக் காரைப் பதிவு செய்தோம். ஒரு வாரத்துக்கு 310 யூரோ. வவுச்சரில் இரண்டு குழந்தை சீட்டுகள் என்று தெளிவாக இருந்தது. வயதையும் எடையையும் தனியாக மின்னஞ்சலிலும் எழுதியிருந்தோம். ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கணவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு, அதே தளத்தில் வாங்கிய இன்சூரன்ஸ், எல்லாம் கையில் இருந்தன.

ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் பெரிய நிறுவனங்களின் கவுண்டர்கள் டெர்மினலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. மலிவான நிறுவனங்கள் பல வெளியே இருக்கின்றன; ஷட்டில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் நிறுவனம் வெளியே இருப்பது. குடியேற்ற வரிசை, பெட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பு எல்லாம் முடிந்து கவுண்டருக்கு வந்தபோது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. முன்னால் நீளமான வரிசை. சின்னவன் என் தோளில் அழுது அழுது களைத்திருந்தான். பெரியவள் பெட்டியின் மேலேயே தூங்கிவிட்டாள். கவுண்டரில் இருந்தவர் முதலில் பார்த்தது வவுச்சரை அல்ல, பிள்ளைகளை.

முதலில் இன்சூரன்ஸ் பேச்சு. “நீங்கள் வெளியே வாங்கிய இன்சூரன்ஸ் இங்கே செல்லாது. எங்கள் முழுப் பாதுகாப்பை எடுங்கள், ஒரு நாளைக்கு 29 யூரோ. இல்லையென்றால் கார்டில் 1,800 யூரோ பிடித்துவைப்போம்” என்றார். இதில் பாதிதான் உண்மை. இத்தாலியில் வாடகைக் காருக்குச் சேதமானால் நாம் ஏற்கவேண்டிய ஒரு வரம்புத் தொகை உண்டு. அதைக் கார்டில் தற்காலிகமாக முடக்கிவைப்பார்கள், கார் சரியாகத் திரும்பினால் விடுவிப்பார்கள். வெளியே வாங்கும் இன்சூரன்ஸ் அந்த முடக்கத்தைத் தடுக்காது. சேதம் என்று நிறுவனம் பணம் எடுத்தால், நாம் முதலில் கட்டிவிட்டு அந்த இன்சூரன்ஸில் திரும்பப் பெறவேண்டும். ஆகவே “செல்லாது” என்று சொன்னது பொய். கார்டில் அவ்வளவு தொகைக்கு இடம் வைத்துக்கொண்டுதான் போயிருந்தோம். வேண்டாம், முடக்கிக்கொள்ளுங்கள் என்று கணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் சீட் விஷயம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஒரு பூஸ்டர்தான் இருக்கிறது, சின்னக் குழந்தைக்கான சீட் தீர்ந்துவிட்டது” என்றார். பூஸ்டர் என்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் சீட். வவுச்சரைக் காட்டினோம். “அது கோரிக்கை மட்டும்தான், உத்தரவாதம் இல்லை” என்று கீழே பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். பின்சீட்டில் அம்மா மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்றும் சொன்னார். கார் வாடகைக்கு விடுவதையே தொழிலாக வைத்திருப்பவர் சொன்னது இது. இத்தாலியில் 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள எந்தக் குழந்தையும் அங்கீகரிக்கப்பட்ட சீட்டில்தான் காரில் போகவேண்டும், அது சட்டம். போலீஸ் நிறுத்தினால் அபராதம் நமக்கு. அபராதத்தை விடுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் காரில் திடீரென்று பிரேக் போட்டால், மடியில் இருக்கும் குழந்தையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்தமுடியாது.

மாட்டோம் என்றோம். வேறு கிளையில் கேட்டுப் பாருங்கள் என்றோம். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கணினியைத் தட்டிவிட்டு அவர் சொன்னார்: மேல் வகைக் கார் ஒன்று இருக்கிறது, அதை எடுத்தால் குழந்தை சீட்டோடு தரமுடியும், ஆனால் அந்த வகைக்கு முழுப் பாதுகாப்பு கட்டாயம். தீர்ந்துபோன சீட் எங்கிருந்து வந்தது என்று கணவர் கேட்டதற்குப் பதில் இல்லை. இரவு பதினொன்று நெருங்கிவிட்டது, வெளியே டாக்ஸி ஒன்றும் கண்ணில் படவில்லை, பண்ணை வீட்டுக்காரர் சாவியோடு காத்திருந்தார். வண்டி மாற்றத்துக்கு ஒரு தொகை, இன்சூரன்ஸுக்கு நாளுக்கு 29, ஒவ்வொரு சீட்டுக்கும் நாளுக்கு 12 யூரோ என்று ஒரு சின்னத் திரையில் கையெழுத்து வாங்கினார்கள். திரையில் இருந்த வாசகம் இத்தாலிய மொழியில். ஆங்கிலத்தில் கேட்டபோது மின்னஞ்சலில் வரும் என்றார்கள்.

வந்த சீட்டைச் சொல்லவேண்டும். துணியில் காய்ந்துபோன பிஸ்கட் துகள்கள், தோள்பட்டையில் ஒரு பக்கத்துப் பஞ்சு உறையைக் காணோம், நடுவில் இருக்கும் பக்கிள் மூன்று தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் பூட்டியது. மாட்டித் தரச் சொன்னபோது, பொறுப்பு வந்துவிடும், நாங்கள் தொடமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். சண்டை போட்டு வேறு சீட் வாங்கினோம். அதாவது, இரண்டாவது சீட்டும் அங்கே இருந்தது! கணவர் செல்போன் வெளிச்சத்தில் அதை மாட்டி முடிக்கும்வரை பிள்ளைகளோடு அந்த வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் எங்களுக்குக் கைகொடுத்தது. காரைச் சுற்றி நான்கு பக்கமும், நான்கு சக்கரமும், கண்ணாடியும், கூரையும், உள்ளே மைலேஜும் வீடியோ எடுத்தோம். முன் வலதுபக்கச் சக்கரத்தின் ரிம்மில் ஏற்கெனவே ஒரு நீளமான உராய்வு இருந்தது. அவர்கள் கொடுத்த தாளில் அது குறிக்கப்படவில்லை. குறித்துக் கொடுங்கள் என்றால், சின்னது, கவலைப்படாதீர்கள் என்றார்கள். அங்கேயே நின்று படங்களை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினோம்.

பயணம் நன்றாகவே இருந்தது, அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது நல்ல வெயில் நேரம். ஊழியர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ‘ஓகே, ஓகே’ என்று கையசைத்தார். எழுதிக் கொடுங்கள் என்றால், எல்லாம் கணினியில் போய்விடும் என்றார். மறுபடி வீடியோ எடுத்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

சென்னை வந்த சில வாரம் கழித்து, ஓ.டி.பி. எதுவும் கேட்காமலே கார்டிலிருந்து 540 யூரோ போனது. ரிம் சேதத்துக்கு 490, கோப்பு நிர்வாகக் கட்டணம் 50. முழுப் பாதுகாப்பு வாங்கினோமே என்று கேட்டால், சக்கரம், டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் எல்லாம் அதில் சேராது என்று பதில் வந்தது. பல நிறுவனங்களின் ‘முழு’ இன்சூரன்ஸ் இப்படித்தான் இருக்கிறது. வெளியே வாங்கும் பாலிசிகள் பல இவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. வாங்கும் முன் சக்கரமும் கண்ணாடியும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

வங்கியில் உடனே எதிர்ப்புப் பதிவு செய்தோம். கார் எடுத்த இரவே அனுப்பிய மின்னஞ்சல், இரண்டு வீடியோ, ஒப்பந்தம், நிறுவனத்துக்கு எழுதிய புகார், அவர்கள் தந்த பதில், இவ்வளவும் கேட்டார்கள். சர்வதேசக் கார்டு அமைப்புகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு, அதனால் நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அந்த 540 யூரோவும் திரும்பி வந்துவிட்டது. இன்சூரன்ஸுக்கும் வண்டி மாற்றத்துக்கும் கட்டியது வரவில்லை. கையெழுத்து இருக்கிறது, ஆகவே நீங்கள் சம்மதித்துத்தான் வாங்கினீர்கள் என்கிறது நிறுவனம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, இறங்கிய இரவிலேயே காரை எடுக்காதீர்கள். பிள்ளைகள் தூக்கத்தில் அழும்போது எந்தப் பெற்றோரும் அதிக நேரம் வாதாட மாட்டார்கள், அந்தக் கவுண்டர்க்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். விமான நிலையத்திலிருந்து ரோம் டெர்மினி நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் போகிறது, நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. டாக்ஸி என்றால், ரோமின் பழைய நகரச் சுவருக்குள் போக நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்தான். ரோமில் தூங்கி எழுந்து, காலையில் ரயிலில் ஒர்வியட்டோவுக்கோ ஃபுளோரன்ஸுக்கோ போய் அங்கே கார் எடுக்கலாம். ஒரு கடையில் சீட் இல்லையென்றால், பகல் வெளிச்சத்தில் அடுத்த கடைக்கு நடக்கலாம். ஊருக்குள் இருக்கும் அலுவலகங்கள் மதியம் மூடுவதும் ஞாயிற்றுக்கிழமை திறக்காமல் இருப்பதும் உண்டு, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் வீட்டில் இருக்கும் கார் சீட்டையே எடுத்துப் போங்கள். பல விமான நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. உங்கள் விமானத்தில் எப்படி என்று முன்பே கேட்டுவிடுங்கள். சீட்டின் பின்புறம் ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற எண்ணும் இருக்கவேண்டும், அதுதான் ஐரோப்பிய அங்கீகாரம். இன்னொன்று, இத்தாலியில் பதிவான காரில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை போனால், குழந்தையை உள்ளே மறந்து இறங்கிவிடாமல் எச்சரிக்கும் ஒரு கருவி 2019 முதல் கட்டாயம். எங்கள் கவுண்டரில் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது காரோடு வருமா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்டு மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான். சியனா, ஃபுளோரன்ஸ் மாதிரியான ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை அதற்கான அடையாளம். அபராதக் கடிதம் வெளிநாட்டு முகவரிக்கு வர 360 நாள்வரை அவகாசம் உண்டு. அதற்கு முன்பே, உங்கள் பெயரைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் கார்டிலிருந்து ஒரு கட்டணம் எடுத்துவிடும். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழி கூடுதலாக உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் இருக்கின்றன. வேறு உறுப்பு நாட்டு நிறுவனத்தின் மேல் இருக்கும் புகாரை, கட்டணம் வாங்காமல் உங்கள் சார்பில் எடுத்துப் பேசுவார்கள். இந்தியாவில் வசிக்கும் எங்களுக்கு அந்தக் கதவு இல்லை, வங்கிதான் ஒரே வழி.

பூட்டாத பக்கிளைப் பற்றி நிறுவனத்துக்கு வீடியோவோடு தனியாக எழுதியிருக்கிறேன். பணத்தைக் கேட்கவில்லை, அந்தச் சீட்டை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம், அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்ற தானியங்கிப் பதிலைத் தவிர இன்றுவரை ஒன்றும் வரவில்லை.