தீயணைப்புப் பயிற்சி, ரீஃபில், சான்றிதழ் எல்லாம் ஒரே பேக்கேஜ் என்பவர்களிடம் உஷார்

திருப்பூர்ப் பக்கம் பனியன் யூனிட் நடத்துபவர்கள் கவனத்துக்கு. ஆர்டர் தரும் கம்பெனி (பையர்) யூனிட்டைச் சோதிக்க வரும் ஆடிட் நெருங்கும் நேரம் பார்த்து ஃபோன் வரும்: "தீயணைப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி, தீயணைப்பு சிலிண்டர் ரீஃபில், சான்றிதழ், எல்லாம் சேர்த்து ஒரே ரேட், ஒரே நாளில் முடிச்சுடலாம் சார்." தயவுசெய்து உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

நிட்டிங்கும் தையலும் சேர்ந்த ஒரு யூனிட்டில் நடந்தது இது. மொத்தம் 60 பேர். பயிற்சிக்கு வந்தவர் ஒரே ஆள். அரை மணி நேரம் லேப்டாப்பில் வீடியோ ஓடியது. பிறகு வாசலில் ஒரு தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைத்து, சூப்பர்வைசரை மட்டும் அணைக்கச் சொன்னார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். குரூப் போட்டோ எடுத்ததும் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் 60 பேருக்கும் லேமினேட் போட்ட சான்றிதழ் வந்தது. நைட் ஷிஃப்ட் ஆட்கள் அன்று அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் வருகைத் தாளில் அவர்கள் பெயருக்கு நேரேயும் கையெழுத்து இருந்தது, ஒரே நீல மையில், ஒரே சாய்வில்.

ஆடிட்டர் மஸ்டர் ரோலை (தினசரி வருகைப் பதிவேட்டை) வாங்கி அந்தத் தேதியோடு ஒப்பிட்டார். சான்றிதழ் உள்ளவர்களில் மூன்று பேர் அன்று லீவு. செக்கிங் டேபிளில் இருந்த ஒரு அக்காவிடம் சிலிண்டரை எப்படி இயக்குவீர்கள் என்று கேட்டார். முதலில் பின்னை உருவ வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பயிற்சி கொடுக்கவில்லை என்றால் அது திருத்தக்கூடிய குறை. கொடுத்ததாகப் பொய்த்தாள் காட்டினால் ஆர்டரே போகும்.

பொறுப்பை ஏஜென்சி தலையில் கட்டவும் முடியாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-வது பிரிவே, தீ விபத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாத் தொழிலாளர்களுக்கும் போதிய பயிற்சி இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பயிற்சி தரும் கடமை முதலாளிக்குத்தான்.

இதைவிட ஆபத்தானது ரீஃபில் மோசடி. அதே யூனிட்டில் ஸ்டிக்கர் புதுசு, சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் பச்சையில். ஆனால் கேஜ் காட்டுவது பவுடரை வெளியே தள்ள உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அழுத்தத்தை மட்டும்தான். பவுடர் பாதிதான் இருந்தாலும், கட்டிதட்டிப் போயிருந்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கோ கேஜே கிடையாது, எடை ஒன்றுதான் வழி. எலக்ட்ரிக்கல் பேனல் பக்கத்தில் இருந்த 4.5 கிலோ சிலிண்டரைத் தராசில் வைத்து, அதில் குத்தியிருந்த காலி எடையைக் கழித்தால், உள்ளே 2 கிலோகூட இல்லை. வாயு 10 சதவீதம் குறைந்தாலே மறுபடி நிரப்ப வேண்டும்.

அதனால் சிலிண்டரை வெளியே அனுப்பும் முன் சீரியல் நம்பரைக் குறித்து, எடை போட்டு வையுங்கள். சிலிண்டரையே மாற்றிப் பழசைத் தந்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள், பாதி பாதியாக அனுப்புங்கள். திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டு, லேபிளில் உள்ள மொத்த எடையோடு சரிபாருங்கள். ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குமா என்று தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் சோதனை) தேதியையும் பாருங்கள்.

ரீஃபிலுக்கு முன்னாடியே பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பப் போகிற சிலிண்டர்களையே ஆட்கள் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லலாம். தனியாகச் செலவில்லை, போன தடவை உள்ளே என்ன நிரப்பினார்கள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். 6 கிலோ பவுடர் அரை நிமிடம்கூட வராது. அதை ஆட்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கொஞ்சம் அடித்துவிட்டு மீதியை மறுபடி மாட்டிவைக்கக் கூடாது, வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்ல இறங்கிவிடும். பனியன் யூனிட்டுக்கென்றே சொல்லித்தர வேண்டியதும் ஒன்று உண்டு: பஞ்சுத் தூசி எரியும்போது நெருங்கிப் போய் அடித்தால், எரிகிற பஞ்சு பறந்து அடுத்த பண்டிலில் விழும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று அடிப்பாகத்தில் அடிக்க வேண்டும். அணைந்த பிறகும் துணிக்குள் கனல் இருக்கும், கரண்ட் நிறுத்திய பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஷிஃப்டுக்கு ஒரு பேட்ச் என்று எழுதி வாங்குங்கள். வருகைத் தாளில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பயிற்சியாளர் பெயர், தகுதி, நடத்திய மொழி எல்லாம் இருக்கட்டும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில் தனியாக நடத்தச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை எடை சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே இப்படிச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை ஆடிட் ஃபைலிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய தேதி போட்டு எதையும் சரிக்கட்ட வேண்டாம். புதிய தேதியில் முறையாகப் பயிற்சி நடத்தி, அந்தத் தாளையே காட்டுங்கள்.