புதியவரிடம் பேச எது பரவாயில்லை: கைபேசியா, பஸ் நிறுத்தமா?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் முதலாண்டு சேரும் பிள்ளைகள் சிலர், எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருடன் இன்ஸ்டாகிராமில் நள்ளிரவு வரை அரட்டை அடிப்பார்கள். மறுநாள் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் "இந்த பஸ் பேட்டை போகுமா?" என்று கேட்க அவர்களுக்கு வாய் வராது. கூச்ச சுபாவம் என்று நாமும் சொல்லி முடித்துவிடுகிறோம். என் கணக்கில் இரண்டு இடத்திலும் பயம் உண்டு. வரும் நேரம்தான் வேறு.

நேரில் அது பேசுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. உள்ளங்கை வியர்க்கும், பையின் வாரைத் திருகிக்கொண்டே நிற்பார்கள், கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். ஆனால் வாய் திறந்துவிட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் பதற்றம் இறங்கும். எதிரில் இருப்பவரின் ஒரு தலையசைப்பே போதும். சிகாகோவில் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களைக் கொண்டு நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசினால் பயணம் கசக்கும் என்று ஆட்கள் நினைத்தார்கள், பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கோ பயணம் இனித்தது.

கைபேசியில் அனுப்பும்வரை துணிச்சல்தான். முகம் தெரியாது, உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் மனிதர்கள் கட்டவிழ்வதற்கு 2004இல் ஜான் சூலர் என்ற உளவியலாளர் அடுக்கிய காரணங்களில் இவையும் அடக்கம். ஆனால் அந்த அவகாசமே வினையாகவும் ஆகிறது. பேராசிரியருக்கு "வணக்கம் ஐயா" என்று தட்டி, அழித்து, "வணக்கம் சார்" என்று மாற்றி அனுப்பிய மாணவி, நீலக் குறி விழுந்தும் பதில் வராத ஒரு மாலை முழுக்க அந்த இரண்டு சொற்களையே திருப்பித் திருப்பிப் படிக்கிறாள். தலையசைக்க அங்கே ஆள் இல்லை. (வீடியோ அழைப்பு இன்னும் மோசம்: பேசும் நேரமெல்லாம் நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.)

இவ்வளவோடு நின்றால் நேர்ப் பேச்சுக்கே என் ஓட்டு என்று முடித்துவிடலாம். நெல்லைச் சீமையில் அப்படி முடிக்க முடியாது. இங்கே பேச்சு தொடங்கினால் அடுத்த கேள்வி "எந்த ஊர் தம்பி?" அதற்கடுத்தது, "அங்கே எந்தத் தெரு?" எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவனோடு படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. இந்த மண்ணில் ஒரு பையன் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தால் அதைக் கூச்சம் என்று எழுதிவிடக் கூடாது. அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இணையத்தில் ஒரு புனைபெயர் போதும், தெரு பின்னால் வராது.

பெண் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இடி. நேரில் யாரிடமாவது பேசினால் அவள் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிடும். கைபேசியில் பேசியதோ ஸ்கிரீன்ஷாட்டாகக் காலத்துக்கும் கிடக்கும். படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

ஆகவே, வெளியூர்க் கல்லூரியைப் பற்றி ஒரு சீனியரிடம் விசாரிக்கவும், நெஞ்சு படபடத்துப் பேச்சே எழாதவர்கள் தொடங்கவும் கைபேசி நல்லது. ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது, வளாக நேர்காணலில் அழித்து எழுத வழியிருக்காது. அதற்குப் பழக்கம் கடையிலும் பஸ்ஸிலும்தான் கிடைக்கும். அண்ணாச்சி கடையில் விலை கேட்பதில் தொடங்கலாம். கூடவே, தெருவைக் கேட்டால் "பாளையங்கோட்டைப் பக்கம்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டு, "உங்களுக்கு எந்த ஊர் அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்கவும் சொல்லித் தர வேண்டும்.