எங்கள் ஒழுங்கை வட்ஸ்அப் குழு: 2022 முதல் பாவித்த அனுபவம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. நாற்பது வீடுகள் மட்டில். 2022 மார்ச்சில், காஸுக்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் தொடங்கினோம், இன்றும் ஓடுகிறது. அந்த நாட்களில் இப்படி எத்தனையோ குழுக்கள் முளைத்தன, சாமான் கிடைக்கத் தொடங்கியதும் பல படுத்துவிட்டன. எங்களுடையது நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு, அதில் குறைகளும் உண்டு. இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

தொடங்கிய நேரம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் அதன்பாட்டில் விட்டது. 200 ரூபாய் மட்டில் நின்ற டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது. மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரல் 22 அன்று ஒரேயடியாக 4,860 ஆனது. அந்தக் காசு கையில் இருந்தாலும் சிலிண்டர் இல்லை. வெறும் சிலிண்டரை முதல்நாளே கொண்டுபோய் வரிசையில் வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டி, பெயின்ரால் பெயர் எழுதிவிட்டு வருவோம். எங்கே சாமான் வந்திருக்கிறது, இப்போது போனால் கிடைக்குமா என்ற இரண்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் முதல் கிழமைகளில் குழுவில் வந்ததெல்லாம் வதந்திதான். கொழும்புக்குக் கப்பல் வந்திட்டுதாம், நாளைக்கு எல்லா இடமும் குடுக்கினமாம் என்று யாரோ எழுதியதை யாரோ அனுப்புவார்கள். அதை நம்பிப் போனவர்கள் வெயிலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். இடம், நேரம், முன்னுக்கு எத்தனை பேர் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து வந்ததை அப்படியே அனுப்பக் கூடாது. அதற்குப் பிறகு தகவல்கள் இப்படி வந்தன:

"சங்கக்கடை. 9.20. முன்னுக்கு அறுபது பேர் வரும். டோக்கன் குடுக்கினம்."

"சங்கக்கடை. 10.05. முடிஞ்சுது. இனி வராதேங்கோ."

என்னைக் கேட்டால் இரண்டாவது தகவலுக்குத்தான் பெறுமதி கூட. சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் திரும்பி எழுத வேண்டிய அவசியமே இல்லை. அவர் மினக்கெட்டு எழுதினார் என்றால் மற்றவர் அலையக் கூடாது என்ற எண்ணம் இருந்தது. மே 24 முதல் பெற்றோல் லீற்றர் 420, ஜூன் கடைசியில் 470. ஓட்டோ ஓடுகிற ஒருவருக்கு வீணாக ஒருமுறை ரவுணுக்குப் போய்வருவது அன்றைய உழைப்பில் பெரிய வெட்டு. அந்த ஒரு வரித் தகவலால் மிஞ்சிய காசை யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகு குழுவின் வேலை மாறியது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. கிழமைக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகும் காருக்கு இருபது, அதையே நம்பிச் சீவிக்கிற ஓட்டோவுக்கு ஐந்து. இதைப் பற்றிக் கோபப்பட்டு எழுதினார்கள், சரிதான். அப்புறம் கார் வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர், தாங்கள் ரவுணுக்குப் போகும் நாளையும் நேரத்தையும் முதல்நாள் இரவே போடத் தொடங்கினார்கள். டயாலிசிஸ் செய்ய யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டிய மாமி ஒருவர் அந்த ஆவணி, புரட்டாதி முழுக்க ஒரு முறையும் தவறவிடாமல் போய்வந்தது இதனால்தான். இந்தக் குழு செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இது. 2023 செப்டம்பர் 1 அன்று கியூஆர் எடுக்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இதில் பெரிய தொழில்நுட்பக் குறை ஒன்று உண்டு. மின்வெட்டு நீண்டால் போனுக்கு சார்ஜ் இல்லை. போன் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். தேவையான நேரத்தில் குழு ஊமையாகிவிடும். போன் இல்லாத கிழவர் கிழவிகள் வேறு இருந்தார்கள். அதனால் ஒழுங்கை முகப்பில் இருக்கும் கடையில் ஒரு கரும்பலகை வைத்து, காலையில் ஒருமுறை பின்னேரம் ஒருமுறை குழுத் தகவலை எழுதிப்போட்டோம். தொடங்குகிறவர்கள் இதை முதல்நாளே செய்ய வேண்டும்.

இனிக் காசுக் கதை. முதல் மாதங்களில் விலையைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தன் கையில் காசில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் ஊரில் அது லேசில் வாயில் வராது. அதோடு ஒழுங்கைக்குள்ளேயே இரண்டு பகுதி ஆகிவிட்டது. வெளியில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நூறு அமெரிக்க டொலர் வந்தால் முன்பு 20,000 ரூபாய், அந்த நாட்களில் 36,000. ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அதே பழைய சம்பளம்தான். ஆனால் 400 கிராம் பால்மா 540இலிருந்து 790. ஒருநாள் ஒருவர், "டொலர் இன்னும் ஏறும், இப்ப மாத்தாதேங்கோ" என்று போட்டார். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஆனால் அதற்குக் கீழே அன்று முழுக்க ஒருவரும் எழுதவில்லை. ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார். ரீச்சர் பின்னேரம் அவர் வீட்டுக்கே போய்க் கதைத்துத் திரும்பக் கூட்டிவந்தார்.

அதற்குப் பிறகுதான் இப்போதும் இருக்கிற வழி வந்தது. காசு முடைப்பட்டவர் ரீச்சருக்குத் தனியாகச் சொல்வார். ரீச்சர் குழுவில் போடுவார்: "ஒரு வீட்டுக்கு இந்த மாதம் லீசிங் தவணைக்கு முப்பதாயிரம் குறையுது. வட்டி இல்லை, ஆறு மாதத்தில திரும்பும். தரக்கூடியவை எனக்குத் தனியாச் சொல்லுங்கோ." பெயர் வராது. கொடுத்தவர் பெயரும் வராது. அந்த முப்பதாயிரம் அன்று இரவுக்குள் சேர்ந்துவிட்டது. எந்த வீட்டுக்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாலிக்கொடியை அடகு வைக்கப் போகாமல் நின்ற வீடுகள் இதில் இருக்கும். பெரும்பாலான காசு திரும்பி வந்திருக்கிறது என்று ரீச்சர் சொன்னார். வராததைப் பற்றி அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மனிதருக்குத் தன் மானத்தை விட்டுக்கொடுக்காமல் உதவி கேட்க ஓர் இடம் இருந்தது. எனக்கு இந்தக் குழுமேல் இருக்கும் பற்றெல்லாம் அதனால்தான்.

பெரிய கடனுக்கு இது சரிவராது. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது, வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க முடியாமல் கடன்பட்ட ஒருவரின் சுமை லட்சக்கணக்கில் இருந்தது. நாங்கள் சேர்த்துக் கொடுத்தது அவருக்கு ஒரு மூலைக்கும் காணாது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிக் காசு வாங்கிய முகவர் ஒருவரின் நம்பரும் இதே குழுவில்தான் பரவியது. ஒரு குடும்பம் காணி ஈடு வைத்துக் கொடுத்த காசு இன்னும் வரவில்லை. நம்பிக்கையான ஆட்கள் இருக்கும் இடத்தில் வருகிற நம்பரையும் சனம் நம்பிவிடும், அதுதான் ஆபத்து. அதற்குப் பிறகு முகவர், முதலீடு, இரட்டிப்புச் சீட்டு எதையும் போடக் கூடாது என்று விதி வந்தது. அரசாங்க உதவிப்பணம் என்று சொல்லி வரும் இணைப்புகளையும் உடனே அழித்துவிடுகிறோம்.

இப்போது குழுவில் பெரும்பாலும் அன்றாடக் கதைதான். கரண்ட் பில்லின் படம், திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் விலை, காணாமல்போன நாய், நல்லூர்த் திருவிழா நேரம், செத்த வீட்டு அறிவித்தல். இதை வீண் அலட்டல் என்று சொல்லி ஓரிருவர் விலகினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முருங்கைக்காய் மிச்சம் இருக்கு, வந்து எடுங்கோ என்று எழுதப் பழகிய வீட்டுக்குத்தான் இன்சுலின் ஊசி தேவை என்று இரவு பதினொரு மணிக்கு எழுதவும் கூச்சம் வராது.

ஒரு விஷயம் பலமுறை சண்டையாக வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டம்பரில் 69.8 வீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த செப்டம்பரில் 1.3 வீதம் என்று செய்தி வந்ததும், "பொய் சொல்லுகினம், ஒரு சாமானும் இறங்கேல்லை" என்று கொதித்தார்கள். ரீச்சர் ஒரு குரல் பதிவு போட்டார். 2021இல் 100 ரூபாய் சாமான் 2022இல் 170 ஆனது. 2023இல் 172 ஆனது. ஏறுவது நின்றிருக்கிறது, இறங்கவில்லை. அந்த 172இல்தான் இனி எங்கள் சீவியம். அதற்குமேல் 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் 66 வீதம் கூடியது, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம் ஆனது. நெருக்கடி முடிந்துவிட்டது என்று வெளியில் சொன்ன நாட்களிலும் "ஒரு வீட்டுக்கு" என்று தொடங்கும் தகவல் வந்துகொண்டுதான் இருந்தது. குழு படுக்காததற்கு அதுவே காரணம்.

மிகப் பெரிய குறை, எல்லாம் ஓர் ஆளில் தங்கி நிற்பது. ரீச்சருக்கு வயதாகிறது. போன வருடம் அவர் கண் சத்திரசிகிச்சைக்குப் போனபோது இரண்டு கிழமை ஒருவரும் உதவி கேட்கவில்லை. தேவை இல்லாமல் அல்ல, யாரிடம் சொல்வதென்று தெரியாமல். இப்போது கணக்குக் கொப்பியை ஒரு தங்கச்சியும் கடைக்கார அண்ணாவும் சேர்ந்து பார்க்கிறார்கள். இன்னும் பலர் ரீச்சரிடம்தான் போகிறார்கள். பழக நாள் எடுக்கும்.

நாற்பது வீட்டுக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. முகம் தெரியாத ஆளுக்கு வட்டியில்லாமல் காசு கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். பக்கத்து ஒழுங்கைக்காரர் தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். தனியாகத் தொடங்குங்கோ என்று சொல்லி, விதிகளை எழுதிக் கொடுத்தோம், தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் கரும்பலகை இல்லை.