அன்றாடப் பிரெஞ்சுப் பேச்சு: பிம்ஸ்லரா, மிஷேல் தாமஸா, அசிமிலா?

பிரான்சில் ஒரு ரொட்டிக்கடைக்குள் நுழைந்து, "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லி, "ஊன் பகெத், சில் வூ ப்ளே" (தயவுசெய்து ஒரு பகெத், அதாவது ஒரு நீண்ட ரொட்டி) என்று கேட்பதை ஆங்கிலம் பேசுபவர் எவரும் ஒரே நாளில் பழகிவிடலாம். கடைக்காரர் பகெத்தைத் தாளில் சுற்றியபடியே, வேறென்ன வேண்டும் என்னும் பொருளில் "ஏ அவெக் செஸி?" என்று கேட்கும் இடத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. அதற்குரிய பதில் மிகச் சிறியது. கேள்வி காதில் பிடிபட்டால்தான் அதுவும் வாயில் வரும். ஆகவே, எத்தனை சொற்றொடர்களைக் கற்பிக்கிறது என்று பார்ப்பதைக் காட்டிலும், எதிரில் இருப்பவர் பேசுவதற்கு எவ்வளவு ஆயத்தப்படுத்துகிறது என்று பார்த்தே ஒரு பாடமுறையை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலம் பேசுபவர்கள் பிரெஞ்சு பயிலப் பயன்படுத்தும் பிம்ஸ்லர், மிஷேல் தாமஸ், அசிமில் ஆகிய மூன்று பாடமுறைகளையும் இந்த அளவுகோலால் பார்ப்போம்.

பிம்ஸ்லர் முறை முக்கியமாக ஒலிவழிப் பாடம். மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் 1967இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், புதிய சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என வளர்ந்துகொண்டே போகும் இடைவெளிகளில் நினைவுகூரச் செய்தால் அது மனத்தில் நிலைக்கும் என்று விளக்கினார். சுமார் அரை மணி நேரப் பாடம் ஒவ்வொன்றும் இந்தக் கருத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. நீண்ட தொடரைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். பிறகு கேள்வி எழுப்பிச் சற்று மௌனம் விடுகிறார்கள். அந்த மௌனத்துக்குள் நாம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எழுத்தைக் கண்ணில் காட்டாமல் தொடங்குவது ஆங்கிலம் பேசுபவருக்குப் பெரும் நன்மை. ஏனெனில் 'பெத்தி' (petit), 'த்ரோ' (trop), 'போக்கூ' (beaucoup) போன்ற சொற்களின் இறுதியில் ஒலிக்காமல் நிற்கும் மெய்யெழுத்துகளை, அச்சில் கண்டவுடன் உச்சரித்துவிடும் பழக்கம் அவர்களை எளிதில் விடுவதில்லை. குறை என்னவென்றால், சொல்வளம் மெதுவாகவே கூடுகிறது. உரையாடல்களும் பெரும்பாலும் பயணியின் மரியாதைப் பேச்சாகவே அமைகின்றன.

மொழியாசிரியர் மிஷேல் தாமஸ் (1914–2005) எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்றே பாடத்தைத் தொடங்குகிறார். இரண்டு மாணவர்களுடன் அவர் நடத்தும் வகுப்பின் ஒலிப்பதிவில் நாம் மூன்றாவது மாணவராக அமர்கிறோம். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவான ஏராளமான சொற்களைச் சுட்டிக்காட்டி, 'வேண்டும்', 'முடியும்' போன்ற சில வினைகளைக் கொண்டு நீண்ட வாக்கியங்களைக் கட்ட வைக்கிறார். வாக்கிய அமைப்பைப் புரியவைப்பதில் இதற்கு நிகரான தொடக்கப் பாடத்தை நான் கண்டதில்லை. ஆனால், பயிலும் மாணவர்களின் பிழையான உச்சரிப்பும், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியரின் குரலுமே காதில் அதிகம் விழுகின்றன. மேற்சொன்ன அளவுகோலில் இது பின்தங்கிவிடுகிறது.

அசிமில் 1929இல் அல்ஃபோன்ஸ் ஷெரெல் தொடங்கிய பதிப்பகம். ஒரு பக்கம் பிரெஞ்சு உரையாடல், எதிர்ப்பக்கம் ஆங்கில மொழிபெயர்ப்பு, கூடவே ஒலிப்பதிவு என்பது அதன் அமைப்பு. முதற்கட்டத்தில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். ஐம்பதாவது பாடத்தை ஒட்டி 'இரண்டாம் அலை' தொடங்கும்போது, முதல் பாடத்துக்குத் திரும்பி ஆங்கிலத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட உரையாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் செவி பழகுவது இங்கேதான். கேட்பாரின்றித் தனியே பயில்வதால் வாய் திறக்காமலேயே பக்கங்களைப் புரட்டிவிடும் அபாயமும் இங்கேதான்.

டுவோலிங்கோ போன்ற செயலிகள் தினப்பழக்கத்தை வளர்க்கின்றன. திரையில் சொற்களைத் தட்டிப் பொருத்துவது பேச்சாகிவிடாது என்பதால் அவற்றைத் துணையாக மட்டுமே கொள்ளலாம்.

இவற்றில் எதுவும் தெருவின் பிரெஞ்சை முழுமையாகத் தருவதில்லை. "எனக்குத் தெரியாது" என்பதற்குப் பாடங்கள் "ழெ ந ஸே பா" என்று நிறுத்தி நிதானமாகக் கற்பிக்க, பேச்சில் அது "ஷே பா" என்று சுருங்கிவிடுகிறது. "இருக்கிறது" என்னும் பொருள்தரும் "இல் இ யா" வெறும் "யா" ஆகிவிடுகிறது. இதற்கு உரையாடத் துணை வேண்டும். 1883இல் நிறுவப்பட்ட, பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்பான அலியான்ஸ் ஃப்ரான்சேஸின் வகுப்பு அருகில் இருந்தால் சேர்ந்துகொள்வது நல்லது.

பயணத்துக்குச் சில வாரங்களே இருப்பவருக்குப் பிம்ஸ்லரின் முதல் நிலையையே பரிந்துரைப்பேன். ஆறு மாதம் ஒதுக்க முடிந்தவர், பிம்ஸ்லரில் நாக்கைப் பழக்கிய பிறகு அசிமிலுக்கு மாறி, அதன் உரையாடல்களை உரக்கச் சொல்லிப் பயில வேண்டும். வாக்கிய அமைப்பு குழப்பும்போது மட்டும் மிஷேல் தாமஸை நாடினால் போதும்.