பில்லில் 30 சேனல், லைனில் நான்கு: தேக்கா கடைக்காரர்கள் கவனத்துக்கு

என் மாமா சிங்கப்பூர் தேக்காவில் விமான டிக்கெட் ஏஜென்சி நடத்துகிறார். அவருடைய ஆபிஸுக்கு டெலிபோன் சிஸ்டம் போட்டுத் தந்த ஒரு சிறு நிறுவனம் செய்த வேலையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அண்ணே, இது ஐ.எஸ்.டி.என் டிஜிட்டல் லைன். பேச்சு, டேட்டா ரெண்டும் ஒரே லைன்ல வரும். மொத்தம் 30 சேனல்" என்று சொல்லித்தான் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு சேனல் என்றால் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு. மாத வாடகையும் 30 சேனலுக்கே.

ஐ.எஸ்.டி.என் பொய்யான சரக்கு அல்ல. 1980களில் சர்வதேச அளவில் தரம் வகுத்து வந்த நல்ல தொழில்நுட்பம் அது. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் நொடிக்கு 64 கிலோபிட். அதுதான் ஒரு சேனல். சின்ன இணைப்பில் அப்படி இரண்டு சேனல், அழைப்பைக் கட்டுப்படுத்த 16 கிலோபிட்டில் இன்னொன்று. பெரிய இணைப்பில் 30 சேனல், கட்டுப்பாட்டுக்கு ஒன்று, இரு முனைகளும் ஒத்து ஓட ஒன்று, மொத்தம் 2.048 மெகாபிட். எந்தச் சேனலிலும் பேசலாம், டேட்டாவும் அனுப்பலாம். ஆனால் 30 சேனலையும் சேர்த்தாலும் 2 மெகாபிட்டைத் தாண்டாது. ஒரு கிகாபிட் ஃபைபர் வீடுகளுக்கே வரும் சிங்கப்பூரில், டேட்டாவுக்காக இதை வாங்கச் சொல்வதே அநியாயம்.

தீபாவளி நேரத்தில் வாடிக்கையாளர்கள், "எப்போ அடிச்சாலும் எங்கேஜ்டா இருக்கே" என்று குறைப்பட்டார்கள். உள்ளே பாதி போன் சும்மா கிடந்தது. விற்றவர்களிடம் கேட்டால், "நெட்வொர்க் பிஸிண்ணே" என்றார்கள்.

விவரம் தெரிந்த வேறொரு டெக்னிஷியனை வரவழைத்தோம். வெளியிலிருந்து வந்தது சாதாரண ஃபைபர். அதைக் கேட்வே பெட்டி ஒன்று பழைய ஐ.எஸ்.டி.என் வடிவத்துக்கு மாற்றி, பழைய பி.பி.எக்ஸ் (ஆபிஸ் போன்களுக்கு அழைப்பைப் பிரித்துத் தரும் பெட்டி) ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த பி.பி.எக்ஸைப் புதுசு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். 30 சேனல் என்பது அந்தப் பெட்டிக்குள் இருந்த கார்டின் கொள்ளளவு மட்டுமே. ஃபைபர் வழியே உண்மையில் வாங்கியிருந்தது நான்கே நான்கு அழைப்புத் தடம். ஐந்தாவது ஆள் அழைத்தால் எங்கேஜ்ட்.

ஒப்பந்தத்தை முறிக்கிறோம் என்றதும், "நம்பர் போயிடும்ணே" என்று மிரட்டினார்கள். எனக்கு மிகவும் ஆத்திரம் மூட்டியது இதுதான். 6-இல் தொடங்கும் அந்த எண்தான் மாமாவின் பெயர்ப்பலகையிலும் பழைய வாடிக்கையாளர்களின் மனத்திலும் இருப்பது. லேண்ட்லைன் எண்ணையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள இங்கே வழியுண்டு, மாற்றிவிட்டோம். ஆனால் பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டும். கோபத்தில் முதலில் ரத்து செய்துவிடாதீர்கள்.

உங்கள் ஆபிஸிலும் இப்படி ஒரு லைன் இருந்தால் இன்றே சோதியுங்கள். ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆபிஸ் எண்ணுக்கு அடித்து, லைனை வைக்காமல் பிடித்திருங்கள். எத்தனையாவது அழைப்பில் எங்கேஜ்ட் வருகிறது என்று பார்த்து பில்லோடு ஒப்பிடுங்கள். புதிதாக வாங்குபவர்கள், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு போகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மாமா பில்களையும் டெக்னிஷியன் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறார்.