அப்பா கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார்: ஒரு குளியலறையின் நான்கு வருடக் கதை

அப்பா முப்பத்தைந்து வருடம் கொத்தனார். 2019-ல் சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எங்களை மடக்கிப்போட்டது குளியலறைதான். சக்கர நாற்காலியின் அகலம் 25 இஞ்ச், குளியலறைக் கதவு நிலைக்கு உள்ளே இருந்த இடைவெளி 24 இஞ்ச். அந்த ஒரு இஞ்சுக்காக அம்மாவும் நானும் தினமும் அவரை வாசலிலேயே தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே இழுத்துப் போவோம். நான் பக்கத்தில் நிற்கும் நேரமெல்லாம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பதைக் கட்டிலிலேயே செய்யலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். கொஞ்ச நாள் கழித்துத்தான் அம்மா கவனித்தாள், மத்தியானத்துக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. எங்களைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்று. சிறுநீர்த் தொற்று வந்து குளிர்காய்ச்சலில் அவர் நடுங்கிய ராத்திரிதான் குளியலறையை இடித்துக் கட்டுவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு முன்னால் வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்துக்குப் போயிருந்தோம். டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் ஆரம்பித்த மையம் அது. 1954-ல் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் அப்பா ரொம்ப நாள் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நகர்த்தப் பழகியதும் அங்கேதான். நகரத் தெரிந்துவிட்டது, இனி நகர இடம் வேண்டும்.

2020 கடைசியில் வேலை ஆரம்பித்தது. பழைய குளியலறை ஆறடிக்கு நாலடி. ஒட்டியிருந்த சாமான் அறையை உடைத்துச் சேர்த்ததில் ஏழரைக்கு ஆறு கிடைத்தது. அப்பாவிடம் வேலை பழகிய பையன்தான் கரணை பிடித்தான், அப்பா நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்லச் செய்தான். பொதுக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியைப் பிறகு பார்த்தேன். கதவு வழி 900 மி.மீ., நாற்காலி முழுசாகத் திரும்ப 1500 மி.மீ. வட்டம் என்று அதில் இருக்கிறது. எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது நாலரை அடிதான். முன்னே பின்னே இரண்டு தடவை நகர்த்தினால் திரும்பிவிடலாம், அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

படியில்தான் முதல் யோசனை. குளியலறைத் தரை ஹாலைவிட நாலு இஞ்ச் கீழே இருந்தது. ஒரு இஞ்ச் ஏற ஒரு அடி நீளம் என்று சரிவு போட்டால் நாலு அடி வேண்டும், அதற்கு இடம் இல்லை. அதனால் உள்தரையை உயர்த்தி ஹாலோடு மட்டமாக்கினோம். ஹாலுக்குத் தண்ணீர் வராமல் இருக்க வாசலில் நீளமாக ஒரு கிராதி போட்ட வாய்க்கால். இன்றுவரை ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. வாரம் ஒருமுறை முடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாட்டத்தில், அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவில், தப்பு செய்தோம். தண்ணீர் தேங்கக் கூடாது என்று அப்பா வழக்கம்போல அடிக்கு அரை இஞ்ச் வாட்டம் கொடுக்கச் சொன்னார். ஆயிரம் வீட்டில் போட்ட வாட்டம் அது. நடக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றித் தூக்கும்போதோ, ஈரச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காமல் நாற்காலி மெல்ல நழுவியது. இரண்டாவது வாரம் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டைல்ஸை உடைக்கச் சொன்னார். இப்போது குளிக்கும் மூலையில் மட்டும் வாட்டம், கமோடு பக்கம் மட்டம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ்.

அடுத்தது திண்ணை. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். குளிக்க நாற்காலியின் உயரத்துக்கே சிமென்ட் திண்ணை கட்டி மேலே டைல்ஸ் ஒட்டினோம். பார்க்க அழகாக இருந்தது, பக்கவாட்டில் நகர்ந்து உட்காரவும் சுலபம். மூன்றாவது மாதம் அப்பாவின் உட்காரும் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. வலி தெரியாததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு ஆபத்து என்று பாகாயத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், நாங்கள்தான் தினமும் பார்க்காமல் விட்டோம். நாலு நாளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஆற இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுத்திருந்தார். கெட்டியான தளத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து குளித்தது பாதிக் காரணம், நகரும்போது டைல்ஸ் விளிம்பு உரசியது மீதிக் காரணம். இப்போது திண்ணை விளிம்பை வட்டமாகத் தேய்த்து, மேலே தண்ணீர் இறங்காத ரெக்சின் உறை போட்ட மூன்று இஞ்ச் ஃபோம் மெத்தை வைத்திருக்கிறோம். உயரம் மாறாமல் இருக்கத் திண்ணையை அதே அளவு குறைத்தோம். ராத்திரி படுக்கும் முன் அப்பா கைக்கண்ணாடியை வைத்துத் தானே பார்த்துக்கொள்கிறார்.

வெந்நீரும் அப்படித்தான். காலில் சுடுவது தெரியாது. கீசரை 45 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே மேலே ஊற்றிக்கொள்வார்.

கைப்பிடிகளுக்கு இரண்டு தடவை செலவழித்தோம். முதலில் வாங்கிய மலிவான ஸ்டீல், எங்கள் அருப்புக்கோட்டை பக்கத்து உப்புத் தண்ணீரில் ஒரு வருடத்துக்குள் துருப்பிடித்தது. இப்போது இருப்பது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துடைத்து வைத்தால் பளிச்சென்று இருக்கிறது. சுவரின் கனம் நாலரை இஞ்ச்தான். பிளாஸ்டிக் பிளக்கில் முறுக்கிய திருகு ஒருநாள் அப்பாவின் எடைக்குக் கழன்று வந்தது. நல்லவேளை, அந்தச் சமயம் அவர் முழுசாக எழும்பவில்லை. பிறகு சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்கச் சொன்னார். நான் தொங்கிக்கூடப் பார்த்துவிட்டேன். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடி விற்கிறார்களே, அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கமோடைக் கீழே மூன்று இஞ்ச் கான்கிரீட் மேடை போட்டு உயர்த்தினோம், சீட்டோடு சேர்த்து இப்போது 19 இஞ்ச். குஷனோடு நாற்காலி 20. போகும்போது இறக்கம், வரும்போது ஒரு இஞ்ச் ஏற்றம். அந்த ஒரு இஞ்சுக்கு முதல் வருடம் தோள் வலித்தது, இப்போது பழகிவிட்டது. வாஷ்பேசினில் கால் தூண் இல்லை, முழங்கால் உள்ளே போகிறது. கண்ணாடி, சுவிட்ச் எல்லாம் கீழே இறக்கியாகிவிட்டது. விளக்கு இன்வெர்ட்டரில்.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி போட்டதன் அருமை ஒரு தீபாவளி காலையில்தான் புரிந்தது. அப்பா எண்ணெய்க் கையோடு நகர்ந்து, கமோடுக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் சரிந்துவிட்டார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த அழைப்பு மணியை இழுத்தார். தாழ்ப்பாளை வெளியே இருந்து நாணயத்தால் திருப்பித் திறந்தேன். கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் அவர் கால் தடுத்திருக்கும், உடைத்துத்தான் போயிருக்க வேண்டும். எலும்பு முறிந்தாலும் அவருக்குத் தெரியாது என்பதால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை.

எல்லாம் சேர்த்து, உடைத்துத் திரும்பக் கட்டியதையும் கணக்கில் வைத்தால், ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஆனது. வாட்டத்தையும் திண்ணையையும் கட்டும்போதே அப்பாவை உட்காரவைத்துச் சோதித்திருந்தால் முப்பதாயிரமாவது மிஞ்சியிருக்கும், அந்தப் புண்ணும் வந்திருக்காது.

இப்போது காலை ஆறரைக்கு அப்பா உள்ளே போகிறார். முக்கால் மணி நேரம். அம்மா அடுப்படியில் இருக்கிறாள், நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன், யாரும் வாசலில் காத்து நிற்பதில்லை. சாயங்காலம் செம்பு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்.

வெளியே திறக்கும் கதவு நடைவழியை அடைக்கிறது, அது ஒன்றுதான் பாக்கி. தள்ளுகதவு போடலாம் என்று போன வாரம் நாற்காலியில் இருந்தபடியே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார். வேலை பழகிய அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.