சுளுக்கிய குதிரைக்கால் ஒன்று, மந்திர விதிகள் நான்கு

ஜெர்மனியில் மெர்சபுர்க் பேராலய நூலகத்தில் இருந்த ஒரு பழைய வழிபாட்டு ஏட்டில், 1841-இல் இரண்டு மந்திரங்கள் கண்டெடுக்கப்பட்டன. எழுதப்பட்டது பத்தாம் நூற்றாண்டு வாக்கில். இரண்டாவது மந்திரத்தில் பால்டர் என்ற பழைய ஜெர்மானியத் தெய்வத்தின் குதிரைக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது. இன்னொரு தெய்வமான வோடன் வந்து மந்திரிக்கிறான்: எலும்போடு எலும்பு, இரத்தத்தோடு இரத்தம், மூட்டோடு மூட்டு, பசை போட்டு ஒட்டியதுபோல் சேரட்டும். பழைய தெய்வத்தின் பெயர் தேவாலயத்து ஏட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையில் ஆடும் வரலாற்று ஃபேன்டசி ரோல்பிளேயிங் கேமில் மந்திரத்துக்கு எந்த விதியை எடுப்பது என்று குழம்பும் ஜிஎம் (ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்), இந்தக் குதிரைக்காலை எடுத்துக்கொள்ளலாம். அதை எந்த விதி எப்படிக் குணமாக்குகிறது என்று பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சொல் சிக்கல். தமிழில் ஆடும்போது எல்லோரையும் ‘சூனியக்காரி’ என்று ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம். ஐரோப்பிய வரலாற்றில் அந்தப் பெயருக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாட்டைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர். காணாமல் போன பொருளுக்குக் குறி சொல்லி, நோய்க்கு மந்திரித்து, வைத்த வினையை எடுப்பதைத் தொழிலாகச் செய்பவர் இன்னொருவர். நம் ஊர்ப் பேச்சில் ‘மந்திரிக்கிறவர்’. மூன்றாமவர், உண்மையிலேயே பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர். மூவரும் ஒரே இரகசிய மதம் என்று ஆய்வாளர் மார்கரெட் முர்ரே 1921-இல் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதை நிராகரித்து வெகுகாலமாகிறது. ஆனாலும் பல கேம்பெயின்களின் (தொடர் ஆட்டக் கதைகளின்) முதுகெலும்பு இன்றும் அதுதான். மூவரையும் ஒரே கிளாஸாக (பாத்திர வகையாக) ஆக்கும் விதி எதுவானாலும், அது வரலாற்றைத் தட்டையாக்கிவிடும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருவர் ‘கியூர் வூண்ட்ஸ்’ என்ற காயமாற்றும் ஸ்பெல்லைப் போட்டால், ஒரு டி8 (எட்டு முகப் பகடை) உருட்டி வரும் எண்ணோடு திறனுக்கான மாடிஃபையரும் சேர்ந்து குதிரைக்கு ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) திரும்பும். ஆகும் நேரம் ஓர் ஆக்‌ஷன், அதாவது ஆறு வினாடிக்குள். தோல்விக்கு இடமே இல்லை. மேசையில் வேகமாக ஓடும், புதியவருக்கும் உடனே புரியும்.

சிக்கல் குணமாக்குவதில் இல்லை, கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மந்திரத்தைக் கண்டறியும் ‘டிடெக்ட் மேஜிக்’ முதல் லெவல் ஸ்பெல். பொய் சொல்லவிடாத ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ இரண்டாம் லெவல். இவை இருக்கும் உலகில் சூனிய வழக்கு என்பதே நடக்காது. பாதிரியார் பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். இந்த விதியோடுதான் ஆட வேண்டும் என்றால் அந்த இரண்டோடு இறந்தவரோடு பேசும் ‘ஸ்பீக் வித் டெட்’, சாபம் நீக்கும் ‘ரிமூவ் கர்ஸ்’ ஆகியவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சண்டைக்கு வெளியே போடும் ஸ்பெல்லுக்கெல்லாம் குறைந்தது பத்து நிமிடம் வையுங்கள். வேற்றுலகச் சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக் கிளாஸைச் சூனியக்காரி என்று பெயர் மாற்றி வைப்பதை மட்டும் தவிர்க்கலாம். பிசாசோடு ஒப்பந்தம் என்பது வழக்கு நடத்தியவர்கள் சுமத்திய குற்றச்சாட்டு. அதையே கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் குறிப்புத்தாளில்) உண்மை என்று எழுதினால், விசாரணை செய்தவன் சொன்னது சரி என்று விதிநூலே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

ஆர்ஸ் மாஜிகா

மந்திரவாதிகளைப் பற்றிய இந்த விளையாட்டு 1987-இல் முதலில் வந்தது. களம் 1220-ஆம் ஆண்டு ஐரோப்பா. ஐந்து டெக்னிக் (செய்யும் வினை), பத்து ஃபார்ம் (எதன் மேல் செய்வது). அவற்றைச் சேர்த்துத்தான் எந்த ஸ்பெல்லும். குதிரைக்கு வேண்டியது கிரியோ (ஆக்குதல்), அனிமல் (விலங்கு). ஐந்தாம் பதிப்பின்படி காயம் நிரந்தரமாக ஆற ரிச்சுவல் (நீண்ட சடங்கு மந்திரம்) தேவை. ரிச்சுவல் எதுவும் 20-ஆம் லெவலுக்குக் கீழே கிடையாது. ஆக, குறைந்தது நான்கு பான் (ஓர் அளவு) விஸ்ஸும் (மந்திர ஆற்றல் அடங்கிய பொருள்) ஒரு மணி நேரமும் செலவாகும். தேவாலயத்தின் டிவைன் ஆரா (இடத்தின் புனித வலிமை) 3 என்றால் அதன் மும்மடங்கு, அதாவது 9, மந்திரம் போடும் எண்ணில் கழியும். மந்திரவாதி ஊருக்கு வெளியே கோபுரம் கட்டிக்கொண்டு வாழ்வதற்கான காரணம் கணக்கிலேயே வந்துவிடுகிறது. இவ்வளவு அழகாக இடத்தையும் மந்திரத்தையும் பிணைத்த விதி வேறொன்றை நான் பார்க்கவில்லை.

குறை ஒன்று உண்டு. இது இலத்தீன் படித்தவர்களின் மந்திரம். சுளுக்குக்கு மந்திரிக்கும் கிழவிக்கு இதில் இடம் ஓரத்தில்தான். நாட்டுப்புற மந்திர மரபுகளுக்கென்று துணைநூல் தனியாக உண்டு. அதில் கிராமத்துச் சூனியக்காரிகளுக்கும் வடநாட்டு ரூன் மந்திரவாதிகளுக்கும் தனித்தனி விதி இருக்கிறது. ஆனால் ஹெர்மெடிக் மேகஸ் (அந்த இலத்தீன் படித்த மந்திரவாதி) ஒருவரோடு அவர்களை ஒரே குழுவில் விட்டால் மூன்றாவது செஷனிலேயே அவர்கள் வேலையற்றுப் போவார்கள். மேகஸ் இல்லாத குழுவாக ஆடுவதே வழி. 1220-இல் உண்மையான பேகன் (பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர்) வேண்டுமென்றால் களத்தைப் பால்டிக் கரைக்கு நகர்த்துங்கள். லித்துவேனியா அதிகாரபூர்வமாக மதம் மாறியது 1387-இல்தான்.

பென்டிராகன்

1985-இல் வந்த, ஆர்தர் மன்னர் காலத்து விளையாட்டு. வீரர்கள், அதாவது ஆடுபவர்கள், எல்லோரும் நைட் (குதிரைவீரப் பிரபு) பாத்திரம். மந்திரம் ஜிஎம் கையில். நான்காம் பதிப்பு மட்டும் அதை வீரர்களுக்குத் திறந்துவிட்டது, ஐந்தாவது திரும்ப மூடிவிட்டது. மூடியதே சரி. குதிரைக்கால் இங்கே அவசரத்துக்கு ஆறாது. ஓய்வும் பராமரிப்பும் வேண்டும்.

பேகன் என்பதை இது ஸ்பெல்லாக வைக்காமல் குணமாக வைத்தது. எதிரெதிரான ஒரு ஜோடிக் குணத்தின் கூட்டுத்தொகை எப்போதும் 20. பேகனுக்குப் பெருமிதமும் காமமும் நற்குணம். ரோமக் கிறிஸ்தவனுக்குப் பணிவும் கற்பும். மதத்தின் ஐந்து நற்குணங்களும் 16-ஐத் தொட்டால்தான் பலன். பெருமிதம் 16 என்றால் பணிவு 4. மதம் மாறும் நைட் ஒருவன் வருடக்கணக்கில் தன்னையே திருப்பிப்போட வேண்டும். அந்தப் போராட்டம் ஷீட்டில் எண்ணாகவே தெரியும். பழைய மதத்தை வாழ்க்கையாகக் காட்ட இதுவே சிறந்த விதி. கிராமத்து மந்திரக்காரிக்கு மட்டும் எதுவும் தராது.

சந்தேகத்தை விதியாக்குவது

1600-களின் இங்கிலாந்துக்கு மேலே சொன்ன மூன்றும் பொருந்தாது. 1612 மார்ச்சில் லங்காஷயரில் அலிசன் டிவைஸ் என்ற பெண், தெருவில் போன வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவன் தரவில்லை. சற்று நேரத்தில் அவன் சுருண்டு விழுந்தான். பென்டில் வழக்கு அங்கே தொடங்கிப் பத்துப் பேர் தூக்கில் முடிந்தது. இதில் ஸ்பெல் எங்கே இருக்கிறது? மறுப்பு, முணுமுணுப்பு, கேடு, ஞாபகம், அவ்வளவுதான்.

எனவே ஏதாவது ஒரு டி100 விதியை (நூற்றுக்கு இத்தனை என்று உருட்டும் முறையை) எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு கட்டம் வரையுங்கள். உதவி மறுக்கப்பட்டால் ஒன்று நிரம்பும், கோபத்தில் வார்த்தை விட்டால் இன்னொன்று. மாதம் ஒருமுறை வீட்டுக்கு ஒரு டி6 உருட்டுங்கள். 1 விழுந்தால் மாடு சாகும் அல்லது குழந்தை படுக்கும், அதற்கும் ஒரு கட்டம். இந்த உருட்டலுக்கும் மந்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் கூடாது. நான்கும் நிரம்பினால் புகார் மாஜிஸ்திரேட்டிடம் போகும்.

மந்திரிக்கும் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், அதை ஜிஎம் மறைவாக உருட்ட வேண்டும். சுளுக்கு எப்படியும் இரண்டு வாரத்தில் ஆறும். வென்றால் நான்கு நாள் முன்னதாக. வீரருக்குத் தன் மந்திரம் பலித்ததா, காலம்தான் ஆற்றியதா என்று ஒருபோதும் தெரியாது. வென்றாலும் ஒரு கட்டத்தை நிரப்புங்கள். குணமாக்கத் தெரிந்தவளுக்குக் கெடுக்கவும் தெரியும் என்று 1499-இல் இத்தாலியின் மொடேனா நகரச் சமய விசாரணையில் ஒரு பெண் சொன்னது இதைத்தான்.

இது சொதப்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மறைவு உருட்டலை முதல் செஷனுக்கு முன்பே சொல்லாமல் விடுவது. ஏமாற்றப்பட்டதாக வீரர்கள் நினைப்பார்கள். இன்னொரு தவறு எரிப்பது. இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எல்லாம் பெண்கள் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள்.

மந்திரச் சொல்லையும் காலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். 1612-க்கு வோடன் வேண்டாம். பென்டில் வழக்கில் சிக்கிய ஆன் விட்டில் சொன்ன மந்திரத்தில் பிதா, சுதன், பரிசுத்த ஆவியும், ஐந்து பரலோக மந்திரமும், ஐந்து அருள்நிறை மந்திரமும், ஒரு விசுவாசப் பிரமாணமும்தான் இருந்தன. புராட்டஸ்டன்ட் நீதிபதியின் காதில் அது கத்தோலிக்கமாகவும் சூனியமாகவும் ஒன்றாக விழும். வீரரையே நான்கு வரி எழுதச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படிக்கவையுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வழக்கு வரும் அன்று மாஜிஸ்திரேட் எடுத்துப் படிக்க வேண்டியது அதே நான்கு வரி.